பாலத்தின் நடுவில் ஒரு கொட்டாவி

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உபதேசம் அதற்குப் பிறகு.

இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், குளிர்ந்துபோய்க் கிடந்த ஒரு ரேடியேட்டருக்கு நான் வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதுவும் ஊர் பார்க்க, நடு ரோட்டில், கையில் ஒரு மண்ணெண்ணெய் டின்னோடு. முகத்தில் கவலை வேறு. அந்தக் கவலை நடிப்பில்லை. ரேடியேட்டர் கொதிக்கிறது என்பது மட்டும்தான் நடிப்பு.

புதிதாக ஸ்டியரிங் பிடித்திருக்கும் தம்பிகளே, ஐம்பத்தைந்து வயதில் எனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடி இன்னும் பாதி கறுப்பு, வாய் மட்டும் முழு நீளம். அதனால் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கியர் மாற்றுவது, டயர் பார்ப்பது எல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. அவர்கள் என்னைவிட நன்றாக ஓட்டுவார்கள். பயந்து நடுங்குவதில்தான் எனக்கு சீனியாரிட்டி. அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது என் பஸ் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் கிளம்பும். ஒரு மரப்பாலம் தாண்டி, காஜா பெராங் வழியாக மலாக்கா டவுனுக்குப் போகும். பாலம் ஒரு வண்டி அகலம்தான். பலகைகள் ஒவ்வொன்றும் சக்கரம் ஏறும்போது தனித்தனியாகக் கத்தும். ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை. பலகையெல்லாம் வழவழவென்று இருந்தது. நடுப்பாலத்தில் முன் சக்கரம் வழுக்கி, கைப்பிடிக் கட்டையை உடைத்துக்கொண்டு, பஸ்ஸின் மூக்கு ஆற்றை எட்டிப்பார்த்தது.

நான் பிரேக்கை மிதித்தபடி மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் கண்டக்டர்தான் ஆட்களைப் பின்வாசல் வழியாக ஒவ்வொருவராக இறக்கினார். "மெதுவா, மெதுவா. கொடையை எடுத்துக்கிட்டீங்களா? டிக்கெட்டைத் தொலைச்சிடாதீங்க, அடுத்த பஸ்ல இதே டிக்கெட்டு செல்லும்." யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ கொண்டுவந்த சேவல் ஒன்று மட்டும் ஆற்றில் விழுந்தது. அதுவும் கரையேறி, ஒருவரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டது.

பிரேக்கை விடாமல் மிதித்ததற்காக ஊரே என்னைப் பாராட்டியது. கோப்பிக் கடையில் இரண்டு நாள் யாரும் என்னிடம் காசு வாங்கவில்லை. மூன்றாம் நாள், பழுது பார்த்த அதே பாலத்துக்கு முன்னால் பஸ்ஸைக் கொண்டுபோனேன். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பஸ்ஸை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் கத்தினேன்: "இஞ்சின் கொதிக்குது! பாரம் கொறையணும். எல்லாரும் எறங்கி நடங்க!"

ஆட்கள் நடந்து பாலத்தைக் கடந்தார்கள். நான் டின் தண்ணீரை ஊற்றிவிட்டு, என் பக்கக் கதவைத் திறந்துவைத்து, பாதிப் பின்பக்கத்தை மட்டும் சீட்டில் வைத்து, எந்த நேரமும் குதிக்கத் தயாராகக் காலி பஸ்ஸை மெல்ல உருட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நடையும் இப்படித்தான்.

இதில் அதிகம் கஷ்டப்பட்டவர் ஒரு பலகாரக்கார அக்கா. காஜா பெராங்கில் செட்டிகள் வாழும் கிராமமான செட்டிக் கம்பத்துக்காரர். அவர்கள் சாமி கும்பிடுவது நம்மைப் போல, வீட்டில் பேசுவது மலாய். தினமும் பத்து பெரெண்டாமில் வாழையிலையும் தேங்காயும் வாங்கி, ஒரு பெரிய கூடையோடு ஏறுவார். பாலத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது என்னைத் திட்டுவார். மலாயில்தான் திட்டுவார், ஆனால் எந்த மொழிக்காரருக்கும் புரிகிற மாதிரி திட்டுவார். "பஸ்ஸுக்கும் நான் காசு கொடுக்கணும், நடக்கவும் நானே நடக்கணுமா? அப்ப நீ எதுக்கு, அழகு பார்க்கவா?"

புகார் தவுக்கே காதுக்குப் போனது. பஸ் முதலாளி அவர், நல்ல மனுஷர். என்மேல் சந்தேகப்படாமல், புது ரேடியேட்டர் வாங்கிப் போட்டார். புது ரேடியேட்டரும் அதே பாலத்தில், அதே இடத்தில் கொதித்தது. அடுத்த நடைக்கு மெக்கானிக் கூடவே வந்து, பாலத்துக்கு முன்னால் இறங்கி, ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுக்காமலே என் முகத்தைப் பார்த்தார்.

தவுக்கேயிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "வண்டி கொதிக்கல. டிரைவர்தான் கொதிக்கிறார்."

தவுக்கே என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மெர்டேக்கா அன்னிக்கு, சுதந்திரம் கிடைக்கிற நாள்ல, ஊரே டவுன் திடலுக்குப் போகுது. நீதான் பத்து பெரெண்டாம் ஆளுங்களை ஏத்திக்கிட்டு வரணும். அன்னிக்கு ஒரே ஒரு ஆள் பாலத்துல நடந்தாலும், மறுநாள்லேருந்து நீ பஸ் கழுவு. ஓட்டவே வேணாம். சரியா லா?"

தம்பிகளே, பஸ் கழுவுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் என் மாமனார் எனக்குப் பெண் கொடுத்ததே "மாப்பிள்ளை டிரைவர்" என்ற ஒரே தகுதிக்காக. முகத்தைப் பார்த்துக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை. மனைவிக்கு அது ஏழாவது மாதம் வேறு. பிறக்கப்போகும் பிள்ளைக்கு நான் என்ன சொல்வது? அப்பா பாலம்வரைக்கும் டிரைவர் என்றா?

சரி, பயத்தை நானே விரட்டுகிறேன் என்று தொடங்கினேன். தினமும் படுத்துக்கொண்டு பாலத்தை நினைப்பேன். பஸ் பாலத்தில் ஏறும், பலகை கத்தும், சக்கரம் வழுக்கும், பஸ் கவிழும். அந்த இடத்தில் துள்ளி எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நெஞ்சு அடித்துக்கொள்ளும். மனைவி புரண்டு படுத்துக்கொண்டே சொல்வாள்: "நாம கட்டில்ல இருக்கோம்ங்க. ஆத்துல இல்ல." இப்படிப் பழகப் பழக பயம் குறையும் என்று பார்த்தால், கூடிக்கொண்டே போனது. முன்பெல்லாம் பாலத்தைக் கண்டால்தான் நடுக்கம். இப்போது பாலத்துக்கு முந்தின ரப்பர் தோட்டம் தெரிந்தாலே நடுக்கம்.

இங்கேதான் என் கண்டக்டர் வருகிறார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. டவுனில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிட வயதில் சின்னவர்தான், இருந்தாலும் பஸ்ஸில் எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். குரல் என்றால் குரல். அவர் "காஜா பெராங்!" என்று கூவினால் புக்கிட் பாருவில் தூங்குகிறவன் எழுந்து சட்டை போடுவான்.

காஜா பெராங் கோப்பிக் கடையில் மத்தியான ஓய்வின்போது அவர் கேட்டார்: "டிரைவரே, தண்ணி ஊத்தி ஊத்தி ஆறே வத்திடும்போல இருக்கே. என்ன திட்டம்?"

சொன்னேன். கட்டில், பாலம், துள்ளல் எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார், ஆனால் சிரித்து முடித்ததும் சொன்னார்: "வேலைக்கு வந்த புதுசுல எனக்குத் தொண்டையே திறக்காது, தெரியுமா? அம்பது பேர் மூஞ்சியைப் பார்த்தா ஸ்டாப் பேரே மறந்துடும். அப்புறம் குளிக்கிற எடத்துல நின்னு, கண்ணை மூடிக்கிட்டு, பஸ் நிறைய ஆள நெனைச்சு, எல்லா ஸ்டாப்பையும் கூவுவேன். மொதல்ல நெனைச்ச ஆளுங்க முன்னாலகூட நாக்கு ஒட்டிக்கிச்சு. எங்கம்மா வெளிய நின்னு, யாருடா உள்ள எறங்கணும்னு கேப்பாங்க. ஆனா கடைசி ஸ்டாப்பு வரைக்கும் கூவாம வெளிய வர மாட்டேன். அதான் விஷயம். நீங்க பாதி வழியில எறங்கிடுறீங்க."

கடையில் கோப்பி கொண்டுவரும் தகரத் தட்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதான் ஸ்டியரிங். கண்ணை மூடுங்க. நான் கூப்பிடுறேன், நீங்க ஓட்டுங்க."

"நானா, கடையில ஆள் இருக்கு லா."

"பஸ்லயும்தான் ஆள் இருக்கும்."

டிக்கெட் ஓட்டை போடும் கருவியால் மேஜையில் இரண்டு தட்டு தட்டினார். அதுதான் எங்கள் பஸ்ஸில் 'போலாம்' என்பதற்கு அடையாளம். நான் தகரத் தட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். அவர் ஸ்டாப் ஸ்டாப்பாகக் கூவினார். பள்ளிக்கூடம், சந்தை, ரப்பர் தோட்டம். அதுவரை ராஜா மாதிரி ஓட்டினேன். "பாலம்!" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பது மர நாற்காலி, கையில் இருப்பது தகரத் தட்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் என் நெஞ்சுக்குத் தெரியவில்லை. அது பாலத்துக்கு அடிக்கிற அதே அடியை அடித்தது. உள்ளங்கை வேர்த்தது.

"தாண்டிட்டேன்" என்று கண்ணைத் திறந்தேன்.

"பொய்" என்றார் நானா.

"எப்படித் தெரியும்?"

"கீழ பாருங்க."

குனிந்து பார்த்தேன். என் வலது கால், கடைக்காரரின் சிமெண்டுத் தரையை இன்னும் பிரேக்கு மாதிரி மிதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பயிற்சி இன்னும் மோசம். பாலத்தைச் சுலபமாக்குவார் என்று பார்த்தால், மழையைக் கூட்டினார். "பலகையெல்லாம் ஈரம். சேத்து வாடை வருது. வலது பக்கம் கைப்பிடி இல்ல. பின்னால அக்கா கூடையோட உக்காந்திருக்கு, உங்களையே மொறைக்குது."

"நீங்க எனக்கு ஒத்தாசை பண்றீங்களா, கொல்றீங்களா?"

"பேசாதீங்க. நடுப்பாலம் வந்தாச்சா? இப்ப பஸ்ஸ நிறுத்துங்க."

"எங்க, பாலத்துலயா?"

"ஆமா. நிறுத்திட்டு சும்மா உக்காருங்க. ஆத்தைப் பாருங்க. நெஞ்சு எவ்வளவு அடிக்குதோ அடிக்கட்டும். அது அடிச்சு ஓயிறதுக்கு முன்னாடி கண்ணைத் திறந்தீங்கன்னா, மொதல்லேருந்து பத்து பெரெண்டாம்."

சொன்னபடியே செய்தார். எத்தனை தடவை என்னை மறுபடி பத்து பெரெண்டாமுக்கு அனுப்பினார் என்று கணக்கில்லை. கடையில் கூட்டம் சேர்ந்தது. வேலை இல்லாதவர்கள் எல்லாம் என் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஏறினார்கள். ஒருவர் "அண்ணே, எனக்கு உஜோங் பாசிர்ல எறங்கணும்" என்றார். "அது வேற பஸ்ஸுடா" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னேன். இன்னொருவர், என் பக்கத்தில் உட்கார்ந்து தொடையால் இடித்து, வளைவில் சாய்வதுபோல் சாய்ந்தார். கடைக்காரர் தன் தட்டைத் திருப்பிக் கேட்டார். நானா அவரிடம், "பஸ் ஓடிக்கிட்டிருக்கு, ஸ்டியரிங்கைக் கேக்கிறீங்களே" என்றார்.

அப்புறம் ஒரு நாள் அது நடந்தது. நடுப்பாலத்தில் நிறுத்தியிருந்தேன். மழை, சேற்று வாடை, உடைந்த கைப்பிடி, அக்கா, எல்லாம் இருந்தது. நெஞ்சு கொஞ்ச நேரம் அடித்தது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. தகரத் தட்டைப் பிடித்தபடி, வாயைக் குகை மாதிரித் திறந்து, முழுக் கொட்டாவி விட்டேன்.

நானா மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். "முடிஞ்சுது! பாலம் அவ்வளவுதான் இனிமே! அலுத்துப்போச்சு இவருக்கு!" கடையே கைதட்டியது. கடைக்காரர் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

பிறகு வந்த நாட்களில் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினோம். ஒன்றைக் கவனியுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். பாலத்துக்கு அப்புறம் நானா எந்த ஸ்டாப்பையும் கூவுவதில்லை. பாலம் தாண்டியதும் இரண்டு தட்டு, நேராகத் திடல். "கொடி ஏத்துற எடத்துலதான் உங்களை எறக்குவேன்" என்பார்.

என் தலைக்குள் என்ன நடந்தது என்று நான் யோசித்து வைத்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஆனால் பல டாக்டர்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். நம் மூளை ஒரு மோசமான கண்டக்டர். நிஜமாக ஏறியவன் யார், நினைப்பில் ஏறியவன் யார் என்று பார்க்காது. பாலம் என்றால் மணியை அடித்துவிடும். மணி அடித்ததும் நீங்கள் குதித்து ஓடினால், "பார்த்தியா, என் மணியாலதான் நீ தப்பிச்சே" என்று அதற்குப் பெருமை. அடுத்த தடவை ரப்பர் தோட்டத்திலேயே அடிக்கும். நான் கட்டிலில் பண்ணிய முட்டாள்தனம் அதுதான். தினமும் பயத்துக்கு என் செலவில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். குதிக்காமல் உட்கார்ந்து பாருங்கள். அடிக்கும், அடிக்கும், ஒன்றும் ஆகாது, மறுபடி அடிக்கும். கடைசியில் கை வலித்து அதுவும் ஒரு சீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த வேலையை நினைப்பிலேயே பாதி முடித்துவிடலாம். நினைப்பில் விழுந்தால் டயர் தேயாது.

ஆனால் மீதிப் பாதி பாலத்தில்தான் இருக்கிறது.

மெர்டேக்கா நாள் காலையில் பத்து பெரெண்டாமில் பஸ் பிதுங்கியது. ஜன்னலுக்கு ஜன்னல் கொடி. புதுச் சட்டை வாசனை, மல்லிகைப்பூ வாசனை, யாரோ பையில் வைத்திருந்த டுரியான் வாசனை. தேங்காய்க்காரருக்குப் பாக்கியைக் கொடுத்துவிட்டு, காலிக் கூடையோடு அக்காவும் ஏறினார். வீட்டில் தட்டுத் தட்டாகப் பலகாரம் செய்து வைத்திருந்தார். காஜா பெராங்கில் இறங்கி, அதையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, திடலுக்கு வந்து விற்பதாக ஏற்பாடு. ஏறும்போதே என்னிடம் சொன்னார்: "புதுச் செருப்பு போட்டிருக்கேன். நடக்க வச்சே, இதாலதான் அடிப்பேன்."

ரப்பர் தோட்டம் தாண்டும்போது தூறல் விழுந்தது. வேறு நாளே கிடைக்கவில்லையா என்று வானத்தைப் பார்த்தேன். பாலத்துக்கு முன்னால் பழக்கதோஷத்தில் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பஸ் நின்றது. அடுத்து நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் முழுவதும் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தது. மூட்டையைத் தூக்கியவர்கள் தூக்கினார்கள், வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் கட்டினார்கள். அக்கா குனிந்து புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அவ்வளவு நாளில் ஒரு ஊரையே நான் பழக்கி வைத்திருந்தேன்.

கண்ணாடியில் நானாவைப் பார்த்தேன். அவர் டிக்கெட் கருவியை மட்டும் கையில் எடுத்து, கம்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உக்காருங்க" என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை. "யாரும் எறங்க வேணாம்."

பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். அக்கா கேட்டார்: "நிஜமாத்தான் சொல்றியா? எனக்கு நீச்சல் தெரியாது."

"எனக்கும் தெரியாதுக்கா."

"டொக், டொக்" என்று நானா கம்பியில் இரண்டு தட்டு தட்டினார்.

ஏறினேன். பலகை கத்தியது. நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. ஆனால் எனக்கு அது தெரிந்த அடி. கோப்பிக் கடையில் தினமும் பார்த்த அதே ஆள், சட்டைகூட மாற்றாமல் வந்திருந்தான். அடிச்சுக்கோ என்று விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

நடுப்பாலம் வந்தபோது எதிரே சைக்கிள்கள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு ஊர்வலம். கொடி கட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே பாலத்தில் ஏறிவிட்டார்கள். பின்னால் போக முடியாது, ஈரப் பலகையில் ரிவர்ஸ் எடுத்தால் பழைய கதைதான். முன்னாலும் போக முடியாது. ஒரே வழிதான் இருந்தது. அதைத்தான் இத்தனை நாளாகத் தகரத் தட்டை வைத்துக்கொண்டு செய்திருந்தேன்.

பஸ்ஸை நடுப்பாலத்தில் நிறுத்தினேன். முழுப் பின்பக்கத்தையும் சீட்டில் வைத்து உட்கார்ந்தேன். என் பக்கக் கதவு சாத்தியிருந்தது. ஆற்றைப் பார்த்தேன். மழையில் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிள்காரர்கள் இறங்கி, சைக்கிளைச் சாய்த்து, பஸ்ஸை ஒட்டி ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். போகிற போக்கில் ஒவ்வொருவரும் பஸ்ஸின் தகரத்தில் அடித்து "மெர்டேக்கா!" என்றார்கள். ஒவ்வொரு அடிக்கும் பஸ் கொஞ்சம் ஆடியது. நான் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு அடித்தது, குறைந்தது, மறுபடி அடித்தது, ஓய்ந்தது.

கொட்டாவி வந்தது.

"விட்டுட்டாரு!" என்று பின்னாலிருந்து நானா கத்தினார், காஜா பெராங் கூவுகிற அதே குரலில். பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கோப்பிக் கடைக் கதை தெரியும். சிரிப்பும் கைதட்டலும் கிளம்பின. யாரோ "மெர்டேக்கா!" என்றார். பஸ் முழுக்க "மெர்டேக்கா!" என்றது. நாடு எந்த நேரத்தில் சுதந்திரம் அடைந்தது என்று பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி சொல்லித்தருவார்கள். நான் அடைந்தது அப்போதுதான்.

கடைசிச் சைக்கிள் போனது. டொக், டொக். பாலம் முடிந்து தார் ரோட்டில் சக்கரம் ஏறியதும் எனக்கு றெக்கை முளைத்தது. ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாட்டும் கூச்சலுமாக, எதுவும் காதில் விழாமல் ஓட்டினேன். நேராகத் திடல். ஆட்கள் இறங்கும்போது என் கையைக் குலுக்கினார்கள், முதுகில் தட்டினார்கள். ஒரு பெரியவர் தன் கொடியை என் ஜன்னலில் கட்டிவிட்டார். தவுக்கே கூட்டத்தில் நின்று தலையை ஒரு தடவை ஆட்டினார். நானாவுக்குக் குரலே போய்விட்டிருந்தது. அவர் என் தோளில் கையை மட்டும் வைத்தார். நான் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக அக்கா வந்தார். காலி கூடை ஒரு கையில், புதுச் செருப்பு இன்னும் இன்னொரு கையில். வாழ்த்துச் சொல்லத்தான் வருகிறார் என்று சிரித்தேன்.

"பாலத்தைத் தாண்டினே, சரி" என்றார். "காஜா பெராங்கை எதுக்குடா தாண்டினே? பலகாரமெல்லாம் வீட்டுல இருக்கு. திருப்பு பஸ்ஸை."